எந்த வானத்துக்கு எந்தக் கூரை?

லண்டனின் தென்மேற்கே உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் ஒரு பனைமர மாளிகை இருக்கிறது. டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் சேர்ந்து உருவாக்கிய அந்த இரும்பு, கண்ணாடிக் கட்டடத்தின் வேலை 1844-ல் தொடங்கி 1848-ல் முடிந்தது. வெப்பமண்டலத்துப் பனைகள் இங்கிலாந்தின் குளிருக்குத் தப்பி வளர வேண்டும் என்பதற்காக அதைக் கட்டினார்கள். முதலில் அதற்குப் பொருத்திய கண்ணாடியில் செம்பு ஆக்சைடு கலந்திருந்தது; அதனால் அது இளம்பச்சையாக இருந்தது. கண்ணாடிக்கு அடியில் வெயில் இலைகளைக் கருக்கிவிடும் என்ற அச்சம் அப்போது தோட்டக்காரர்களிடம் இருந்தது. ஒளியின் வேதி விளைவுகளை ஆராய்ந்துவந்த ராபர்ட் ஹன்ட்டிடம் யோசனை கேட்டார்கள். வெப்பம் தரும் கதிர்களைப் பச்சைக் கண்ணாடி வடிகட்டிவிடும் என்றார் அவர்.

அவர் விடை தேடிய கேள்வியில் பிழையில்லை. வெப்பத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் உள்ளே விட முடியுமா என்ற அதே கேள்விக்குத்தான் இன்றும் ஆய்வகங்கள் விடை தேடுகின்றன. செம்பு கலந்த கண்ணாடி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் என்பதும் உண்மை. ஆனால் அது அத்தோடு நிற்காது. இலைகளுக்கு வேண்டிய சிவப்பு ஒளியிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். போதாததற்கு லண்டனின் நிலக்கரிப் புகை கண்ணாடிமேல் படிந்துகொண்டே இருந்தது. ஆண்டின் பெரும்பகுதி மேகம் மூடிக் கிடக்கும் ஊரில் பனைகளுக்குக் குறையாக இருந்தது ஒளிதான். வெயில் அவற்றுக்கு ஒருநாளும் மிஞ்சவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பச்சைக் கண்ணாடியைக் கைவிட்டு நிறமற்ற கண்ணாடிக்கு மாறினார்கள்.

பசுமைக்குடிலுக்குக் கூரைப் பொருள் தேடும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வரலாறு சொல்லும் செய்தியைத்தான். சூரியன் அனுப்புவதில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது, மண்ணும் செடியும் வெளியிடும் வெப்பத்தில் எவ்வளவைப் பிடித்துவைப்பது என்று கூரை இரவும் பகலும் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தீர்மானம் அந்த ஊர் வானத்துக்கும் அங்கே நிற்கும் பயிருக்கும் ஒத்துப்போனால் அது நல்ல கூரை. ஓரிடத்தில் பொன் விளையவைத்த பொருள் இன்னோரிடத்தில் பயிரை வாட்டிவிடலாம்.

வெயிலில் என்ன இருக்கிறது?

தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது புற ஊதா. மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம். 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது கண்ணுக்குத் தெரியும் ஒளி. பாதிக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் இதில் இருக்கிறது; ஒளிச்சேர்க்கைக்கு இலை எடுத்துக்கொள்வது இந்தப் பங்கைத்தான். 700-க்கு மேலே உள்ள அண்மை அகச்சிவப்பில் மீதிப் பாதி இருக்கிறது. அது மாவுச்சத்து ஆக்க உதவாது, குடிலைச் சூடாக்கும். குளிர்நாட்டுக்கு அது வரவு; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சுமை.

இந்த மூன்றும் மேலிருந்து வருபவை. கீழிருந்து கிளம்பும் நான்காவது ஒன்றும் உண்டு. பகலில் சூடேறிய மண்ணும் செடியும் அந்த வெப்பத்தை 7 முதல் 14 மைக்ரான் வரையான நீண்ட அலைக் கதிராக வானத்தை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். மேகமற்ற இரவில் இந்த இழப்பு மிக அதிகம். கூரைப் பொருள்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவது இந்த நான்காவது பங்கை நடத்தும் முறையில்தான்.

அப்படியானால் குடில் சூடாவதே இந்தக் கதிர்கள் உள்ளே சிக்கிக்கொள்வதால்தானா? 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து ஒன்றைக் கண்ணாடித் தகட்டாலும் இன்னொன்றைப் பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். நீண்ட அலைக் கதிரைக் கண்ணாடி தடுக்கும். பாறை உப்பு விட்டுவிடும். இரண்டின் மீதும் விழும் வெயிலை முதலில் இன்னொரு கண்ணாடி வழியே வடித்து ஒரே தரமாக்கினார். இரண்டு பெட்டிகளும் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸைத் தொட்டன; வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. பகலில் குடில் சூடாவதற்கு முதன்மையான காரணம், சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதே என்று இது காட்டியது.

இதிலிருந்து நமக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. வெப்ப நாட்டில் பகல் சூட்டைத் தணிக்க விலை உயர்ந்த ஷீட்டைத் தேடும் முன், உச்சியிலும் பக்கங்களிலும் காற்று போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட அலைக் கதிரைப் பிடித்துவைக்கும் குணம் இரவில்தான் பெரிதாகக் கைகொடுக்கும்.

கண்ணாடி: ஒளிக்கு ஏங்கும் நாடுகளின் கூரை

4 மில்லிமீட்டர் கண்ணாடி, செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தை உள்ளே விடுகிறது. பல பத்தாண்டுகள் ஆனாலும் அந்தத் தெளிவு குறைவதில்லை. இரவின் நீண்ட அலை வெப்பமும் அதைத் தாண்டி நேரே வெளியேறுவதில்லை. குறை அதன் எடையில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 10 கிலோ எடை கொண்டது; அதே பரப்புக்கு 200 மைக்ரான் பாலித்தீன் 200 கிராம்கூட இல்லை. அந்தப் பாரத்தைத் தாங்க வலுவான சட்டகம் வேண்டும். சட்டகத்தின் ஒவ்வொரு கம்பியும் பயிரின்மேல் ஒரு நிழல் கோட்டைப் போடும்.

இந்தச் செலவை நெதர்லாந்து துணிந்து ஏற்றதற்குக் காரணம் அதன் வானம். டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தைத்தான் எட்டுகிறது. அதே நாளில் நம் ஓசூரில் சூரியன் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். சாய்வாக வரும் ஒளி கூரையில் பட்டு அதிகமாகப் பிரதிபலித்துப் போய்விடும். ஒளி ஒரு சதவீதம் குறைந்தால் விளைச்சலும் ஒரு சதவீதம் குறையும் என்பது டச்சு விவசாயிகளின் கணக்கு. அந்த வானத்தின் கீழ், கூரையில் படியும் தூசிகூட நட்டக் கணக்கில் சேரும்.

அதே நாட்டின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டறிந்தார்கள். தெளிவான கண்ணாடி வழியே வரும் நேரொளி உச்சி இலைகளை ஒளியில் குளிப்பாட்டிவிட்டுக் கீழ் இலைகளை நிழலில் விட்டுவிடுகிறது. உச்சி இலையால் ஓரளவுக்கு மேல் ஒளியைப் பயன்படுத்த முடியாது, மிஞ்சியது வீண். நடு இலைகளோ ஒளி கிடைத்தால் உழைக்கத் தயாராக இருக்கின்றன. உள்ளே வரும் ஒளியின் அளவைக் குறைக்காமல் அதைப் பல திசைகளில் சிதறவிடும் பரவல் ஒளிக் கண்ணாடியைப் போட்டுத் தக்காளி வளர்த்தபோது விளைச்சல் ஏறத்தாழ 8 முதல் 11 சதவீதம் வரை கூடியது. ஒளியின் அளவைப் போலவே அது எந்தக் கோணத்தில் இலையை அடைகிறது என்பதும் பயிருக்கு முக்கியம் என்று இது காட்டுகிறது. பயிருக்கு ஏற்ற கூரை நம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பால்நிறமாகத் தெரிந்தும் ஒளியைக் குறையில்லாமல் விடலாம்.

பாலித்தீன்: மெல்லிய ஷீட்டுக்குள் இருக்கும் வேதியியல்

1933-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் பாலித்தீன் தற்செயலாகப் பிறந்தது. 1948-ல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஈ. எம். எம்மர்ட் என்ற தோட்டக்கலைப் பேராசிரியர், விலை மிகுந்த கண்ணாடிக்கு மாற்றாக மரச் சட்டத்தில் செல்லோஃபேன் தாளை இழுத்துக் கட்டிக் குடில் அமைத்தார். பிறகு அவரும் பாலித்தீனுக்கு மாறினார். வசதி படைத்தவர்களுக்கே எட்டிய கண்ணாடிக் குடில் தொழில் சிறு விவசாயியின் நிலத்துக்கு இறங்கிவந்தது இந்த மாற்றத்தால்தான்.

எதுவும் கலக்காத பாலித்தீனுக்கு இரண்டு பெரிய பலவீனங்கள் உண்டு. ஒன்று, புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். திறந்த வெயிலில் ஓராண்டுக்குள் நொறுங்கத் தொடங்கும். மற்றது, நீண்ட அலை வெப்பத்தை அது கிட்டத்தட்டத் தடையே இல்லாமல் வெளியே விட்டுவிடும். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள குளிர்கால இரவில், இத்தகைய குடிலின் உட்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோவதும் உண்டு. வெப்பம் மேலே கதிராகப் போய்விடுகிறது. வெளியே வீசும் சற்றே வெதுவெதுப்பான காற்று உள்ளே வந்து கலக்கவும் வழியில்லை.

இந்தக் குறைகளைச் சேர்க்கைப் பொருள்கள் ஈடுசெய்கின்றன. நம் ஊரில் 'யு.வி. ஷீட்' என்று விற்கப்படுவதில் புற ஊதாவின் தாக்குதலைத் தாங்கும் நிலைப்படுத்திகள் கலந்திருக்கும். 200 மைக்ரான், அதாவது 800 கேஜ் ஷீட் மூன்று ஆண்டு அளவுக்கு நிற்பது அவற்றின் உதவியால்தான். களிமண் வகைத் தாதுப் பொடிகளையோ வினைல் அசிட்டேட்டையோ சேர்த்தால் நீண்ட அலை வெப்பத்தில் கணிசமான பங்கு உள்ளே தங்கும்.

மூன்றாவது சேர்க்கை, சொட்டுத் தடுப்பான். விடியற்காலையில் ஷீட்டின் அடிப்பக்கத்தில் நீராவி துளித்துளியாகப் படியும். துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. காலை வெளிச்சத்தில் ஒரு பங்கு இப்படியே வீணாகும். பெருத்த துளிகள் இலைமேலும் பூமேலும் சொட்டினால் பூஞ்சண நோய்க்கு வழி பிறக்கும். சொட்டுத் தடுப்பான் கலந்த ஷீட்டில் நீர் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவி ஓரத்துக்கு வழிந்துவிடும். கூரைக்குப் போதிய சரிவு இருந்தால்தான் இது வேலை செய்யும். தட்டையான கூரையில் இந்தச் சேர்க்கை பலன் தராது.

குளிர்நாடுகளில் ஷீட்டை இரட்டையாகப் போட்டு, நடுவே சிறு மின்விசிறியால் காற்றை ஊதி உப்பவைக்கும் முறையை 1960-களில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ராபர்ட்ஸ் உருவாக்கினார். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எரிபொருள் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு படலமும் தன் பங்குக்கு ஒளியைக் குறைக்கும். குடிலுக்குக் கணப்பு மூட்டத் தேவையில்லாத நம் ஊரில் அந்த ஒளியை இழப்பதற்குக் காரணமே இல்லை.

புற ஊதாவைத் தடுக்கலாமா?

புற ஊதா வெறும் 5 சதவீதம்தான். அதை விடுவதா தடுப்பதா என்பதோ பயிரின் நலத்தை நேரடியாகத் தொடும் கேள்வி. வெள்ளை ஈ, இலைப்பேன், அசுவினி போன்ற பூச்சிகள் திசை அறியவும் செடியைக் கண்டுபிடிக்கவும் புற ஊதாவை நம்பியிருக்கின்றன. அதை முழுதும் தடுக்கும் ஷீட்டின் கீழ் இவற்றின் வரவும் இவை சுமந்துவரும் நச்சுயிரி நோய்களும் குறைவதை 1990-களில் இஸ்ரேல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சாம்பல் அழுகலை உண்டாக்கும் பூஞ்சணமும் வித்து உண்டாக்கப் புற ஊதாவின் துணையை நாடும்.

அதற்காக எல்லாப் பயிருக்கும் அதைத் தடுத்துவிட முடியாது. கத்தரிக்காயின் கருநீலத்துக்கும் பல பூக்களின் ஆழ்ந்த நிறத்துக்கும் காரணமான நிறமி உருவாகப் புற ஊதா உதவுகிறது. அது இல்லாவிட்டால் நிறம் வெளிறும். மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்களை நம்பும் பயிரில் அவற்றின் பார்வையும் தடுமாறும். மறுபக்கம், சிவப்பு ரோஜாவின் இதழ் நுனி கறுத்துப்போவதற்குப் புற ஊதா ஒரு காரணம் என்பதால், ரோஜாப் பண்ணைகள் அதைத் தடுக்கும் ஷீட்டை விரும்புகின்றன. 'யு.வி. ஷீட்' என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்குவது போதாது. அது கதிரின் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஷீட்டா, பயிருக்கும் கதிர் போகாமல் தடுக்கும் ஷீட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷீட்டின் ஆயுளைப் பயிர் மருந்தும் தீர்மானிக்கிறது. ரோஜாவில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிப்பது அல்லது ஆவியாக்குவது வழக்கம். கந்தகமும் குளோரினும் ஷீட்டில் உள்ள நிலைப்படுத்திகளின் செயலை முறித்துவிடும். கந்தகம் தாங்கும் வகை என்று உறுதி பெறாமல் வாங்கிய ஷீட் உரிய காலத்துக்கு முன்பே கிழியும். வெயிலில் கொதிக்கும் இரும்புக் குழாயில் ஷீட் ஒட்டியிருக்கும் இடங்களும் இப்படித்தான் முதலில் போகும். அங்கே குழாய்க்கு வெள்ளை வண்ணம் அடித்தால் சேதம் குறையும்.

மற்ற பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு கல்லெறிக்கும் ஆலங்கட்டி மழைக்கும் அசையாது. வெப்பத்தை நன்கு காக்கும். ஒளியை ஏறத்தாழ 80 சதவீதம் விடும். வயதாக ஆக மஞ்சளிக்கும். நாற்றங்காலுக்கும் ஆய்வுக் குடிலுக்கும் அது பொருந்தும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 2001-ல் திறக்கப்பட்ட ஈடன் புராஜெக்டின் பெரும் குவிமாடங்கள் ஈ.டி.எஃப்.இ. என்ற ஃபுளோரின் நெகிழிப் படலத்தால் ஆனவை. புற ஊதாவையும் உள்ளே விட்டு, பல ஆண்டுகள் மங்காமல் நிற்கும் அருமையான பொருள் அது. அதன் விலை சாதாரண விவசாயத்துக்கு எட்டாது.

வெயில் மிகுந்த ஊர்களின் விடை

ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கும் மேலான நிலம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருக்கிறது. திராட்சைக் கொடிப் பந்தலின்மேல் ஷீட்டைப் போட்டு 1960-களில் தொடங்கிய முறை அது. குளிர்காலத்தில் வெயிலை முழுதும் உள்ளே விடுகிறார்கள். கோடை உச்சத்தில் கூரைமேல் சுண்ணாம்புப் பொடிக் கரைசலைத் தெளித்து வெள்ளையாக்குகிறார்கள். பருவம் மாறும்போது கழுவிவிடுகிறார்கள். ஒரே கூரை பருவத்துக்கு ஒரு குணம் கொள்கிறது. இந்த வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பும் வெயிலால் அந்த வட்டாரத்தின் வெப்பநிலையே 1983-க்கும் 2006-க்கும் இடையில் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி அளவில் இறங்கியிருப்பதாக 2008-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே மூன்று வானங்கள் இருக்கின்றன. நீலகிரியில் கார்னேஷனும் ஜெர்பராவும் வளர்ப்பவருக்கு மழை, மூடுபனி, குளிர்கால உறைபனி ஆகியவையே கவலை. ஒளியை நிறைய விட்டு, சொட்டாமல் காத்து, இரவு வெப்பத்தையும் பிடித்துவைக்கும் ஷீட் அவருக்கு வேண்டும். ஓசூரின் ரோஜாக் குடில்களுக்கு வெயில் தாராளம். ஒளியைப் பரப்பும் ஷீட்டும் உச்சியில் காற்று போகும் திறப்பும் அங்கே பொருந்தும். திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ கோடையில் முழுதும் ஷீட் போட்டு மூடினால் பயிர் வெந்துவிடும். அங்கே பக்கங்களில் பூச்சி வலையும் மேலே நிழல்வலையும் கொண்ட குடிலோ, பக்கம் திறந்த மழைக்காப்புக் கூரையோதான் சரி.

நிழல்வலையின் நிறத்திலும் கவனம் வேண்டும். நம் கடைகளில் எங்கும் தொங்குவது பச்சை வலை. செடிக்கு அதிகம் தேவையான சிவப்பையும் நீலத்தையும் குறைத்து, பச்சையையும், சிவப்பின் விளிம்புக்கு அப்பால் உள்ள தொலை சிவப்பையும் அது கூடுதலாக விடுகிறது. சிவப்பு ஒளியைக் குறைத்ததில் கியூவின் பச்சைக் கண்ணாடியும் இப்படித்தான். தொலை சிவப்பின் பங்கு கூடினால், வேறு செடிகளின் நிழலில் இருப்பதாக நினைத்து நாற்று ஒல்லியாக நீளும். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் சமமாகக் குறைக்கும். ஆனால் தானே சூடேறும். வெள்ளை வலையும் அலுமினியப் பட்டை வலையும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் நிழலோடு குளிர்ச்சியும் தரும். விலை கூடினாலும் நாற்றங்காலுக்கு அவை ஏற்றவை.

வாங்குவதற்கு முன்

கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை எழுதிக்கொள்ள வேண்டும்: என் பயிரின் வளர்ச்சியை ஆண்டில் அதிக நாள் தடுப்பது ஒளிக் குறைவா, பகல் சூடா, இரவுக் குளிரா, மழையா, பூச்சியா? கூரை அந்த ஒன்றைத் தீர்க்க வேண்டும். மற்றவற்றைச் சன்னல், வலை, பாசனம், பருவத் தேர்வு ஆகியவற்றால் சமாளிக்கலாம். அடுத்து, பயிருக்கு நிறம் வேண்டுமா, தேனீ வேண்டுமா, கந்தகம் அடிக்க வேண்டியிருக்குமா என்பது. கடைசியாக, கழற்றும் பழைய ஷீட் எங்கே போகும் என்பது. மண்ணில் நொறுங்கிக் கலந்த பிளாஸ்டிக்கைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. முழுதாக இருக்கும்போதே கழற்றி மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்.

கூரை போட்ட பிறகு அளவெடுப்பதும் அவசியம். மலிவான லக்ஸ் மீட்டர் ஒன்றே போதும். மேகமில்லாத நண்பகலில் வெளியே ஓர் அளவும், குடிலுக்குள் செடியின் உச்சி மட்டத்தில் பல இடங்களில் அளவும் எடுத்து, உள் அளவின் சராசரி வெளி அளவில் எத்தனை சதவீதம் என்று குறித்துவைக்கலாம். நிறமற்ற ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் இது நம்பகமான முறை. பச்சை வலைக்கு அடியில் இந்தக் கருவி ஏமாற்றிவிடும். மனிதக் கண்ணைப் போலவே அதுவும் பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும். கூரையைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்திலும் இந்த அளவை எடுத்துவந்தால், தூசியால் போன ஒளி எவ்வளவு, ஷீட்டின் முதுமையால் போனது எவ்வளவு என்று தனித்தனியே தெரியும். அந்தக் குறிப்பு கையில் இருப்பவர் ஷீட் கிழியும்வரை காத்திருக்க மாட்டார். பயிருக்கு ஒளி பற்றாமல் போகும் பருவம் வருவதற்கு முன்பே அதை மாற்றிவிடுவார்.